வெள்ளம் வடிந்த பிறகும் தொடர்ந்த செய்தி

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே மாதம் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் யார்க் என்னும் பழைய நகரத்திலும் ஆற்று நீர் ஊருக்குள் புகுந்து அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் நின்றது. இரண்டையும் அளவில் ஒப்பிடுவது நியாயமாகாது. இங்கே நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, இலட்சக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் அந்தச் சின்ன வெள்ளத்தைப் பற்றி அந்த ஊரில் நீர் வடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் செய்தி வந்துகொண்டே இருந்தது என்பதையும், வட சென்னையில் எங்கள் வியாசர்பாடியில் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்த வாரத்திலேயே செய்தியும் வடிந்துபோனது என்பதையும் நான் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

என் அக்கா மகள் யார்க்கில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அவள் அங்கே குடியேறியதிலிருந்து, காலையில் தமிழ் நாளிதழைப் படித்து முடித்த கையோடு அந்த ஊர்ச் செய்திகளையும் கைப்பேசியில் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கி.பி. 71இல் உரோமானியர் கோட்டை கட்டி உண்டாக்கிய ஊர் அது. சுமார் இரண்டு இலட்சம் மக்கள்தொகை. நம் கணக்கில் ஓர் ஊர் என்று சொல்வதற்கே சிறியது. மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்துக்கு இடைக்கால மதில் இன்னும் நிற்கிறது, அதன் மேல் மக்கள் நடந்துபோகிறார்கள். வானளாவிய பேராலயமும் அதைச் சுற்றிக் குறுகலான சந்துகளுமாகச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் நகரம்தான் என்றாலும், அந்த ஊர்க்காரர்கள் படிக்கும் செய்தியில் இந்தப் பெருமைகள் அதிகம் வருவதில்லை. எந்தப் பாலம் எந்த நேரத்தில் மூடப்படும், எந்தத் தெருவில் யார் கட்டடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், பேருந்துத் தடம் ஏன் மாறியது, ஆற்று மட்டம் இன்று எவ்வளவு என்பவைதான் அங்கே செய்தி. 1882இல் மாலை நாளிதழாகத் தொடங்கி இன்று 'தி பிரஸ்' என்ற பெயரில் வரும் இதழ்தான் இவற்றில் பெரும்பகுதியைச் சுமக்கிறது.

யார்க்கில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஊஸ் பெரியது; ஃபாஸ் சிறியது. ஊருக்குள்ளேயே ஃபாஸ் வந்து ஊஸில் கலக்கிறது. மலைப்பக்கம் மழை பெய்து ஊஸ் பெருகினால், அந்தத் தண்ணீர் ஃபாஸ் ஆற்றுக்குள் எதிர்த்து ஏறும். ஃபாஸ் போக வழியின்றிக் கரையோரத் தெருக்களில் பரவும். 1982இல் இப்படி ஒரு வெள்ளம் வந்த பிறகு, இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் ஒரு தடுப்புக் கதவை அமைத்தார்கள். ஊஸ் ஏறும்போது கதவை இறக்கி எதிர்நீரைத் தடுத்துவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் தேங்கும் ஃபாஸ் நீரை எட்டு பம்புகள் இறைத்து ஊஸில் கொட்டும். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அமைப்பு, 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஊஸ் வழக்கமான மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் ஏறிய பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது.

2015 டிசம்பரில் நடந்தது வேறு. ஏற்கெனவே ஊறிக் கிடந்த நிலத்தின் மேல் மழை கொட்டியதால் ஊஸ் மட்டுமன்றி ஃபாஸும் ஒரே நேரத்தில் பெருகியது. பம்புகள் இறைக்கும் வேகத்தைவிட வரத்து அதிகமானது. பம்பு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் நுழைந்து மின்சாதனங்களை நெருங்கியபோது, கதவு இறங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டுவிடுமோ என்ற அச்சத்தில் அதை ஏற்றிவிடுவது என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். கதவு ஏறியது, ஹண்டிங்டன் சாலையிலிருந்து வால்ம்கேட் வரை ஃபாஸ் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. தொலைபேசி இணைப்பகத்துக்குள்ளும் நீர் புகுந்ததால் பலருக்குத் தொலைபேசியும் இணையமும் போயின. பம்பு நிலையத்தைப் பழுதுபார்க்கத் தேவையான பொருட்களை இராணுவ ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இதுவரை எந்த ஊர்ப் பத்திரிகையும் எழுதியிருக்கும். படகு, ஹெலிகாப்டர், பிரதமர் வருகை என்று படம் பிடிக்க வசதியான செய்திகள் இவை. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வந்தவை. கதவை ஏற்ற முடிவெடுத்தது யார், எத்தனை மணிக்கு, அந்த முடிவு மக்களுக்கு எப்போது சொல்லப்பட்டது என்ற கேள்விகள் முதலில் எழுந்தன. மின்சாதனங்கள் ஏன் தண்ணீர் எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டிருந்தன என்ற கேள்வி அடுத்து வந்தது. நகரசபை ஒரு சுயேச்சையான விசாரணையை ஏற்படுத்தியது. விசாரணையில் மக்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். 2017இல் அறிக்கை வெளிவந்தது. இடையில், வைகிங்குகள் காலத்து யார்க்கைக் காட்டும் ஜோர்விக் அருங்காட்சியகம் மூடிக் கிடந்ததும், அது 2017 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டதும் செய்தியாயின. பம்புகளை மாற்றி அதிகத் திறன் கொண்டவற்றைப் பொருத்தியது, மின்சாதனங்களை மேல்தளத்துக்கு ஏற்றியது என்று வேலை நடக்க நடக்க ஒவ்வொரு கட்டமும் செய்தியானது. காப்பீட்டுத் தொகை வராமல் மாதக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்த குடும்பங்களைப் பற்றியும் எழுதினார்கள்.

ஒரு தெருவில் மூழ்கிய வீட்டுக்குச் சொந்தக்காரர் இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்திருந்தால், தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது, அடுத்த முறை வராமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள், எது இன்னும் பாக்கி என்ற மூன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும். எங்கள் தெருவில் யாரிடமும் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. படித்த குடும்பங்கள் இல்லாமலில்லை. பதில் எங்கும் அச்சாகவில்லை என்பதுதான் காரணம்.

எங்கள் பகுதியின் நீரோட்டமும் யார்க்கைப் போன்றதுதான் என்பது இதையெல்லாம் படித்தபோதுதான் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்து மழைநீரைக் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாய்க்குக் கொண்டுபோகிறது. ஓட்டேரி நல்லா என்னும் ஓடையும் பக்கிங்காம் கால்வாயைத்தான் சென்று சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போகிறது. கழிமுகத்தில் மணல் மேடிட்டிருந்தாலோ, கடல் ஏற்றத்தில் இருந்தாலோ, கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்துகொண்டிருந்தாலோ பக்கிங்காம் கால்வாய் நிரம்பி நிற்கும். அது நிரம்பி நின்றால் எங்கள் கால்வாய்க்குப் போக இடமில்லை. எங்கள் கால்வாய்க்கு இடமில்லையென்றால் தெருவின் வடிகால் வாயிலாகத் தண்ணீர் மேலே வரும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பெரிய நீர் இடம் கொடுத்தால்தான் சின்ன நீர் போகும். ஊஸுக்கும் ஃபாஸுக்கும் உள்ள அதே கதைதான்.

ஆனால் எங்கள் பகுதி செய்தியில் வரும் விதத்தைப் பாருங்கள். கனமழை பெய்த ஒவ்வொரு முறையும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியதால் போக்குவரத்து நிறுத்தம் என்று தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடும். ஒரு பேருந்து தண்ணீரில் நிற்கும் படம் வரும். தண்ணீரை இறைத்து முடித்து வண்டிகள் ஓடத் தொடங்கியதும் செய்தி முடிந்துவிடும். அந்தச் சுரங்கப்பாதையில் பொருத்தியிருக்கும் மோட்டார்கள் எவ்வளவு இறைக்கும், இறைத்த தண்ணீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, அந்தக் கால்வாய் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்பதை ஒரு பத்தியாவது விளக்கி யாரேனும் எழுதினால், அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ள எங்கள் பகுதியில் நூறு வீடாவது இருக்கும்.

என் வீட்டு வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வர வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, முதலில் ஒரு படி மறைந்தது, பிறகு இன்னொன்று. இப்போது தெருவும் எங்கள் நிலைவாசலும் ஒரே மட்டம். நிலைவாசலுக்கு உட்புறமாகச் செங்கல் அடுக்கிச் சிமென்ட் பூசி முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு எழுப்பியிருக்கிறோம். உள்ளே வரும் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்து, நின்று, மறு காலை எடுத்து வைக்கிறார்கள். எதிர் வரிசையில் வசதியுள்ள ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்திவிட்டார், அவர் வீட்டு வாசல் நீரும் இப்போது எங்கள் பக்கம்தான் வருகிறது. சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டபோது, இரவில் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், சுரண்டுவதற்கும் சேர்த்துத்தான் ஒதுக்கினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

யார்க்கில் ஊஸ் கரையோரம் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்றொரு பழைய மதுக்கடை இருக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் முதலில் நனையும் இடம் அது. உள்ளே எந்த ஆண்டு வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று குறித்து ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அக்கா மகள் அந்த வழியாகப் போனபோது அதைப் பற்றிச் சொன்னாள். "சித்தி, இங்கே ஆறு ஏறினால் எத்தனை மீட்டர் என்று வார்டில் இருக்கும் நோயாளிகள்கூடச் சொல்கிறார்கள்" என்றாள். ஆற்று மட்டத்தை அரசின் சுற்றுச்சூழல் முகமை கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பதிவு செய்து பொதுவில் வெளியிடுகிறது. கேப்டன் காட்டன் கால்வாயின் மட்டத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் பாலத்துக்குப் போய் எட்டித்தான் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, மழைக்கோட்டு அணிந்துகொண்டு, தெருப் பையன்கள் அதைத்தான் செய்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து, "அக்கா, இன்னும் ரெண்டு அடிதான் இருக்கு, பீரோவுல கீழ்த்தட்டை காலி பண்ணிடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர்ச் செய்தி நிறுவனம் அவர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்களுக்குக் கையில் ஓர் அளவுகோலும் எழுதி வைக்க ஓரிடமும் கிடைத்திருந்தால், கடந்த பத்து ஆண்டுகளின் கணக்கு இன்று எங்களிடம் இருந்திருக்கும்.

யார்க் செய்திகளில் என்னை மிகவும் உலுக்கிய ஒன்று வெள்ளத்தைப் பற்றியதன்று. அது இரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பற்றியது, பெரம்பூர்ப் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் இரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் உறவில் பாதிக்கு மேல் ஐ.சி.எஃப். என்னும் இரயில் பெட்டித் தொழிற்சாலை, கேரேஜ், லோக்கோ பணிமனைகள் என்று ஏதோ ஒரு சங்கொலிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். யார்க்கின் ஹோல்கேட் சாலையிலும் அப்படி ஒரு பெட்டித் தொழிற்சாலை 1884இலிருந்து இயங்கியது. ஒரு தெருவே அங்கே வேலைக்குப் போகும், அப்பாவுக்குப் பின் மகன் போவான். 1996இல் அதை மூடினார்கள். ஆனால் மூடியதோடு தொழிற்சாலையின் செய்தி முடியவில்லை. இரயில் பெட்டிகளுக்குள் வெப்பத்தடுப்புக்காக ஒரு காலத்தில் நீலக் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸைத் தெளித்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துக்கூட நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய் வந்தது. ஆலை மூடிய பிறகும் ஆட்கள் இறந்துகொண்டே இருந்தார்கள்.

இங்கிலாந்தில் தொழில் காரணமாக ஏற்பட்டதாகக் கருதப்படும் மரணத்தை, இறப்பு விசாரணை அதிகாரி ஒருவர் திறந்த மன்றத்தில் விசாரிக்க வேண்டும். உள்ளூர் நிருபர் அங்கே போய் உட்காரலாம். அதனால் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக, மின்பணியாளராக, துப்புரவாளராக வேலை செய்த ஒருவர் எழுபது, எண்பது வயதில் இறந்தபோதும், அவர் எந்த ஆண்டுகளில் எந்தப் பிரிவில் இருந்தார், தூசி எப்படி இருந்தது என்று அவர் சொல்லிவிட்டுப் போனது எல்லாம் ஊர்ப் பத்திரிகையில் பதிவாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முதியவரின் மரணச் செய்தி. ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொழிற்சாலையின் குற்றப்பத்திரிகை. மகன்கள் தங்கள் அப்பாவுக்கு வந்தது என்ன நோய் என்பதைப் பக்கத்துத் தெருக்காரரின் செய்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளவும், இழப்பீடு கேட்கவும் அது வழி செய்யும்.

இந்தியாவிலும், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டிருக்கிறது. நீண்ட நாள் கழித்துத் தெரியும் நோய்க்கு நீண்ட நாள் நினைவு தேவை என்பதை நீதிபதிகள் உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது. எங்கள் பக்கத்தில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று எத்தனை ஆலைகள். அங்கே வேலை செய்து இருமலோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர். அவர்கள் இறக்கும்போது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுகிறோம். பூமாலைக்கு நடுவில் அவர் முகம், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், கீழே வருந்தும் குடும்பத்தார், பேரப்பிள்ளைகள், கேரம் கிளப் நண்பர்கள், கால்பந்துக் குழு. அந்தச் சுவரொட்டியை நான் மிகவும் மதிக்கிறேன். ஊர் தன் ஆளைக் கைவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர் முப்பது ஆண்டுகள் எங்கே வேலை செய்தார் என்பது அதில் இருப்பதில்லை, பதினாறாம் நாளுக்குள் மழையோ அடுத்த சுவரொட்டியோ அதை மறைத்துவிடுகிறது.

யார்க்கில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1800இல் அந்த ஊர் நிர்வாகமே மதிலை இடித்துவிடத் துணிந்தது. எதிர்ப்பு எழுந்ததால்தான் மீதி நிற்கிறது, அதற்குள் சில பகுதிகள் போய்விட்டன. இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் நம் பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி 1770களில் எழுந்த மதிலுக்கு அப்படி யாரும் எழுந்து நிற்கவில்லை, இன்று இராயபுரத்துக்கு அருகே பழைய சிறைச்சாலைச் சாலையில் ஒரு துண்டும், மதில் வரியை நினைவூட்டும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயருமே எஞ்சியிருக்கின்றன. இந்தக் காலத்திலும் அங்கே தவறுகள் நடக்கின்றன. 2013இல் நகரசபை லெண்டல் பாலத்தைப் பகல் நேரத்தில் கார்களுக்கு மூடி, தெரியாமல் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அபராதம் போட்டது. பத்திரிகையில் வாரக்கணக்கில் புகார்கள் வந்தன, தீர்ப்பாய அதிகாரி மக்கள் பக்கம் முடிவு சொன்னார், மறு ஆண்டே திட்டத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021இல் மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கு நகர மையத்தில் நிரந்தரத் தடை விதித்தார்கள். மாற்றுத்திறனாளிகள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து பேசினார்கள், ஒவ்வொரு முறையும் அது அச்சேறியது, ஆட்சி மாறிய பின் 2024 தொடக்கத்தில் அனுமதி திரும்பக் கிடைத்தது.

இப்படித் தொடர்ந்து எழுதுவதற்குச் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. உள்ளாட்சிக் கூட்டங்களில் பத்திரிகையாளரும் பொதுமக்களும் அமரும் உரிமையை 1960இல் வந்த ஒரு சட்டம் உறுதி செய்தது; அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். 2014 முதல் கூட்டத்தைப் படம் பிடிக்கவும் உரிமை உண்டு. உள்ளூர்ப் பத்திரிகைகள் அங்கேயும் நலிந்து வருகின்றன, ஆட்களைக் குறைக்கின்றன. அதனால் உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு மட்டுமே செல்லும் நிருபர்களுக்கு பிபிசி தன் நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து உள்ளூர் இதழ்களில் அமர்த்தும் ஏற்பாடு சில ஆண்டுகளாக நடக்கிறது. நகரசபைக் கூட்டம் சலிப்பூட்டக்கூடியது என்று தெரிந்தே, அங்கே ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை.

நம் மாநகராட்சியில் 200 வார்டுகள். மயிலாப்பூருக்கு 1994 முதல் தனி வார இதழ் இருக்கிறது. அண்ணா நகருக்கும் அடையாறுக்கும்கூட வந்திருக்கின்றன. எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. வட சென்னை செய்தியில் வருகிறது என்றால் பெரும்பாலும் வெட்டு, குத்து, கஞ்சா, அல்லது தண்ணீரில் நிற்கும் பேருந்து. வியாசர்பாடிப் பிள்ளைகள் மாநில அளவில் கால்பந்து ஆடினாலும், 'ரவுடிகள் ஊரில் ஒரு நம்பிக்கை' என்ற மாதிரிதான் தலைப்பு வைக்கிறார்கள். அந்தத் தலைப்பைப் படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, சில வாரங்கள் நாடே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளும் படங்கள் எல்லா மொழிகளிலும் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வலைகளும் படகுகளும் பிறகு என்னவாயின, அலையாத்தி மரங்களின் வேரில் படிந்த கருமை எவ்வளவு போயிற்று, அந்தக் கழிமுகத்து இறாலை இப்போது மக்கள் நம்பி வாங்குகிறார்களா என்று அடுத்த டிசம்பரில் போய்க் கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

இந்த நிலையை மாற்றப் பெரிய பத்திரிகை தொடங்க எங்களால் முடியாது. ஆனால் 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி சென்னையில் வார்டு குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டிருக்கின்றன. பகுதி சபைக்கு அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம், பேசலாம். எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். கால்வாயில் தூர் வாரும் இயந்திரம் வந்த தேதி, எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை வாரினார்கள், வாரிய சகதியை லாரியில் ஏற்றினார்களா அல்லது கரையிலேயே விட்டார்களா என்பதை எழுதி வருகிறோம். கரையில் விட்ட சகதி அடுத்த மழையில் திரும்ப உள்ளே போவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்தால் கிடைக்கும் புகார் எண்ணையும் அதில் குறித்துக்கொள்கிறோம், புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்த நாளையும், உண்மையில் வேலை முடிந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். பாலத்தின் தூணில் அடிக்கணக்கில் கோடு போட்டுத் தர ஒரு பெயிண்டர் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார்; அனுமதி கேட்டு மனு எழுதியாகிவிட்டது.

அடுத்த பகுதி சபையில் நாங்கள் கேட்கப்போகும் கேள்விகள் இவை. எங்கள் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட்டபோது பழைய சாலையைச் சுரண்டுவதற்குத் தொகை ஒதுக்கப்பட்டதா? எங்கள் வடிகால் கால்வாயில் விழும் வாய், கால்வாய் நிரம்பும் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே இருந்தால், எதிர்நீர் வராமல் தடுக்க ஒரு கதவு போட என்ன செலவாகும்? கேட்ட தேதியையும், யார் என்ன பதில் சொன்னார் என்பதையும், சொன்னபடி நடந்ததா என்பதையும் மழைக்காலம் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.